அவுட்பாஸ்

நேதாஜி மார்க்கெட்டில் ஒருவன் பக்கெட் விலை கேட்கிறான்.
ஆறடிக்கு மேல். கழுத்தில் கல்லூரி அட்டை.
கடைக்காரர் பெங்காலியில் முந்நூறு என்கிறார்,
ஆஸ்பத்திரிக்கு வரும் கூட்டத்திடம் கற்றது.
வெளியூர் முகம் எதுவானாலும் அவருக்குப் பெங்காலிதான்.
சுற்றிலும் நாலு பையன்கள்
செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி.

நானும் இப்படி நின்றிருக்கிறேன்.

மலக்காலில் முதல்முறை வேலிக்கு வெளியே விட்டபோது
சுபேதார் தம்மையா விரல் மடக்கிச் சொன்னார்:
தனியாகப் போகாதே.
தண்ணீர் வாங்கிக் குடிக்காதே.
படம் எடுக்காதே, பாலத்தை எடுக்கவே எடுக்காதே.
பிள்ளைகளுக்கு ஒன்றும் கொடுக்காதே,
ஒருத்தனுக்குக் கொடுத்தால் நாற்பது பேர் நிற்பான்.
ஐந்து மணிக்கு உள்ளே இரு.

நீலத் தொப்பி, தோளில் துப்பாக்கி,
நெஞ்சில் ஆங்கிலத்தில் என் பெயர்.
தக்காளி விற்றவள் அதை எழுத்துக் கூட்டினாள்
வே, டா, கி, ரி.
படித்துவிட்டுச் சிரித்தாள், சரியாகப் படித்த சந்தோஷம்.
அவள் முன்னால் தக்காளி கூறு கூறாக இருந்தது,
கீழே மூன்று, மேலே ஒன்று,
இதோ இந்த மார்க்கெட் வாசலில் வைப்பதுபோலவே.
அதைப் பார்த்த பிறகுதான்
துப்பாக்கிப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

பாகிஸ்தானா, பங்களாதேஷா என்று கேட்டார்கள்.
வேலூர் என்றேன்,
ஏதோ அடுத்த ஸ்டாப் மாதிரி.

அங்கே ஆற்றுக்கு வெள்ளை நைல் என்று பெயர்.
பாலாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?
ஆனால் அதில் தண்ணீர் ஓடியது.
எங்கள் ஆற்றில் லாரி ஓடும் என்றேன்.
கூட வந்த பெல்லிராஜ் நம்பவில்லை,
அவன் கோத்தகிரிக்காரன்.

ஒரு பையன் சந்தை முழுக்கப் பின்னாலேயே வந்தான்.
என் கையிலிருந்த பாட்டிலைக் காட்டினான்.
குடித்து முடித்த பாட்டில்.
விரலைத் திருகிக் காட்டினான்: மூடியோடு.
நான் தலையாட்டிவிட்டு நடந்தேன்.
முகாமுக்குள் வந்து குப்பையில் போட்டேன்,
டங்கென்று ஒரு சத்தம்.

பக்கெட்காரனிடம் போய் அந்த ஊர் அரபியில்
எப்படி இருக்கிறாய் என்றேன்.
பதினெட்டு மாதத்தில் எனக்குத் தங்கிய ஐந்தாறு சொற்களில் ஒன்று.
அவன் குனிந்து பார்த்தான்.
சாரி சார், டான்சானியா என்றான்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

விடுதியில் சேர்ந்து ஒன்பது நாளாம், இன்றுதான் வெளியே விட்டார்களாம்.
சீட்டைக் காட்டினான், ஆறு மணிக்குள் காட்பாடியில் இருக்கணும்.
தனியாகப் போகாதே, வெளியே தண்ணீர் குடிக்காதே என்று
வார்டன் சொல்லி அனுப்பினாராம்.
துணைக்கு வர இருந்தவனுக்கு வயிற்றுப்போக்கு.

விலை சொல்லுங்க என்றேன் கடைக்காரரிடம்.
அவன் உனக்கு என்ன வேணும் சார் என்றார்.
பதில் தெரியவில்லை.
நூற்று எழுபதுக்குக் கொடுத்தார், முணுமுணுத்துக்கொண்டே,
மக்கு தனி என்றார்.

பச்சை பக்கெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு
பாட்டிலில் இருந்த கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்தான்.
எங்கே போடுவது என்று நாலு பக்கமும் பார்த்தான்.
இந்த ஊரில் எங்கே போடுவது?
கையை நீட்டினேன்.
அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தான்,
அதற்கும் ஏதாவது விதி இருந்திருக்கும்.

கம்மவான்பேட்டை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.
அடுத்த சீட்டில் நம்ம ஊர்ப் பையன்,
ஆள் எடுப்புக்கு ஓடிப் பழகுகிறவன்.
அண்ணே, காலி பாட்டிலை ஏன் மடியிலேயே வெச்சிருக்கீங்க என்றான்.
பாலம் வந்தது. கீழே மணல்.
பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு லிட்டர்.
மூடியோடு.